டிக்கெட் எடுக்காத நண்டு

கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிறவருக்கு ‘நண்டு டாக்டர்’ என்று பெயர் வந்ததற்கு அவருடைய மீன் தொட்டிதான் காரணம். மீன் தொட்டி என்றதும் தங்க மீன் நான்கு, பிளாஸ்டிக் செடி இரண்டு என்று நினைத்துவிடக் கூடாது. இது கடல் தொட்டி. உப்புத் தண்ணீர், கடலிலிருந்து வந்த கல், கல்லில் ஒட்டிக்கொண்டு வளரும் உயிருள்ள பவளம் என்று, கடலில் ஒரு மூலையைப் பெயர்த்துக் கூடத்தில் கொண்டுவந்து வைத்த மாதிரி இருக்கும். அந்தக் கல்லில் இருக்கிற பொந்துகளுக்கு அளவே கிடையாது. பொந்துக்குள் யார் உட்கார்ந்து வருகிறார்கள் என்பது விற்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. புழு வரும், நத்தை வரும், எல்லாவற்றுக்கும் மேலாக நண்டு வரும். வந்து ஒரு மாதம் மூச்சுக் காட்டாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் ஒற்றைக் கொடுக்கை மட்டும் வெளியே நீட்டும். வீட்டுக்காரர் அலறியடித்துக்கொண்டு போட்டோ எடுத்து நம் டாக்டருக்கு அனுப்புவார். இது நல்லதா, கெட்டதா? வைத்துக்கொள்ளலாமா, வேண்டாமா?

டாக்டர் பதில் சொல்லத் தயங்கியதே கிடையாது. காலில் முடி, கொடுக்கின் நுனியில் கறுப்பு என்றால் அது நத்தையைத் தின்னும், இறாலைத் தின்னும், தூங்குகிற மீனைக்கூட விட்டுவைக்காது. உடனே வெளியேற்ற வேண்டும். வழுவழுவென்று, பளபளவென்று, பவளக் கிளைக்குள்ளேயே குடியிருந்தால் அது காவல் நண்டு. கையெடுத்துக் கும்பிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் இரண்டாவது, மூன்றாவது விதிகள். முதல் விதி வேறு. கடல் தொட்டிக்கு நீல விளக்குதான் போடுவார்கள், பவளம் அதில்தான் ஜொலிக்கும். ஆனால் நீல வெளிச்சம் பொய் சொல்லும். சிவப்பையும் பழுப்பையும் கறுப்பாகக் காட்டும். ஆகவே, “முதல்ல நீல லைட்டை அணைச்சிட்டு, வெள்ளை லைட்டைப் போட்டு இன்னொரு போட்டோ அனுப்புங்க, அப்புறம் பேசலாம்” என்று எட்டு வருஷமாக ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துகொண்டிருந்தார். தொட்டிக்காரர்கள் இருநூறு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் இந்த வாக்கியத்தை அவர் எழுதி எழுதி, ‘முதல்ல’ என்று தட்டினாலே மிச்சத்தை போன் தானாக எழுதிக் கொடுக்கும் நிலைமைக்கு வந்திருந்தது.

பகலெல்லாம் கடையின் பின்பக்கத்து இருட்டறையில், வந்தவரின் மூக்கின் மேல் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா, அது தெளிவா?” என்று கேட்பது அவர் பிழைப்பு. அதற்காக அவரை யாரும் பாராட்டியது இல்லை. பார்வை நன்றாக இருந்தால் அது கண்ணாடியின் பெருமை, இல்லாவிட்டால் இவருடைய குற்றம். குழுவில் அப்படி இல்லை. ஒரு வரி எழுதினால் நாற்பது கட்டைவிரல் நிமிர்ந்து நிற்கும். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனிதனுக்கு இது சின்ன சந்தோஷமா? காலையில் பல் துலக்கும்போதே போனைக் கண்ணாடியில் சாய்த்து வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். “உங்ககிட்ட கண்ணைக் காட்ட வர்றவங்களைவிட நண்டைக் காட்ட வர்றவங்கதான் ஜாஸ்தி” என்று மனைவி கிண்டல் செய்வாள். தங்கைக்குப் போன் போட்டு அதையே பெருமையாகச் சொல்கிறவளும் அவள்தான்.

அந்தத் தங்கையின் கணவர், அதாவது டாக்டரின் சகலை, பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். ஒரு மழை நாளில், வழியில் நின்றுபோன லாரியைத் தாண்டும்போது இடம் போதும் என்று நினைத்தார். போதவில்லை. பஸ் சாலையின் நடுச்சுவரில் ஏறி நின்றது. பயணிகள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இவருக்குத்தான் இடுப்பில் அடி, ஆறு மாதம் வீட்டோடு கிடக்க வேண்டியதாயிற்று. விசாரணை செய்தவர்கள் டிரைவர் மேல் தவறில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர்தான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. “ரெண்டு அடி இருக்குன்னு கணக்குப் போட்டேன். இல்ல” என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாரே என்று டாக்டர்தான் தன்னிடம் சும்மா இருந்த தொட்டியை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தார். விளக்கு, பம்ப் எல்லாம் அவரே மாட்டினார். தன் தொட்டியிலிருந்தே பெரிய கல் ஒன்றை எடுத்து ஈரத்துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு போய் உள்ளே இறக்கினார். இதையெல்லாம் நல்ல மனதோடுதான் செய்தார். பின்னால் செய்ததைச் சொல்லப் போகிறேன் என்பதற்காக முன்னால் செய்ததை மறைத்தால் அது அநியாயம்.

சகலை அந்தத் தொட்டியோடு ஒட்டிக்கொண்டுவிட்டார். இடுப்புக்குத் தலையணை வைத்து அதன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். கடையிலிருந்து கைப்பிடி அளவில், கிளை கிளையாக ஒரு ரோஸ் நிறப் பவளம் வாங்கி வைத்தார். ஒரு வாரத்தில் அதற்குள் ஒரு நண்டு இருப்பது தெரிந்தது. சுண்டுவிரல் நகத்தளவு உடம்பு. பவளத்தின் இரண்டு கிளை பிரிகிற இடத்தில், வாசலில் நிற்கிற மாதிரி நின்றுகொண்டு, தூசி விழுந்தால் தட்டிவிடும், மீன் பக்கத்தில் வந்தால் கொடுக்கை நீட்டித் துரத்தும்.

“டிக்கெட் எடுக்காம ஏறிட்டான் அண்ணே” என்று போனில் சிரித்தார் சகலை. “ஆனா இறக்கிவிட மனசு வரல. வாசல்லயே நின்னு ஆளுங்களை ஒழுங்குபடுத்தறான். கண்டக்டர்னு பேரு வச்சிருக்கேன்.”

விபத்துக்குப் பிறகு அவர் சிரித்து டாக்டர் கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்புறம் நத்தைகள் சாக ஆரம்பித்தன. பாசியைத் தின்பதற்காக விட்ட நத்தைகள். மூன்று வாரத்தில் ஆறு போயின, ஒரு இறாலும் காணாமல் போயிற்று. வெறும் ஓடுகள் மட்டும் பவளத்தின் அடியில் கிடந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டு ஆட்கள் மொத்தப் பேரும் சகலை வீட்டில் சாப்பிடக் கூடியிருந்தார்கள். சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்தபோது சகலை தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். மாமனார் ஈஸி சேரிலிருந்தபடியே, “என்ன பெரிய மாப்பிள்ளை, நீங்க பாத்த உடனே சொல்லிடுவீங்களாமே? சொல்லுங்க பாப்போம்” என்றார்.

இத்தனை வருஷத்தில் மாமனார் அவரிடம் எதையும் கேட்டது இல்லை. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து போய்த் தொட்டியில் மூக்கை ஒட்டினார். நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பவளக் கிளைக்குள் கண்டக்டர் கொடுக்கைத் தூக்கி நின்றது. ஒரு தும்மல் போடுகிற நேரம்கூட ஆகியிருக்காது.

“கறுப்பு நகம்” என்றார் டாக்டர் நிமிர்ந்து. “கொலைகாரன் இவன்தான்.”

“அப்படியா அண்ணே?” சகலையின் முகம் தொங்கிப்போயிற்று. “நாலு மாசமா பாக்கறேன், இவன் அந்தப் பவளத்தைவிட்டு வெளிய வந்ததே இல்ல. ஓடு எல்லாம் அங்க கிடக்கறது பம்ப் தண்ணி அந்தப் பக்கம் தள்றதாலன்னு நினைச்சேன். வெள்ளை லைட் போடட்டுமா? நீங்கதான் முதல்ல அதைப் போடச் சொல்லுவீங்களே.”

அவர் எழுந்து சுவிட்சுப் பக்கம் கையைக்கூட நீட்டினார்.

அந்த இடத்தில் டாக்டர் “போடுங்க” என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் சொன்னது வேறு. “எட்டு வருஷம் பாத்த கண்ணு தம்பி, எனக்கெதுக்கு லைட்டு?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு போதாமல் இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. “உங்க கணக்கு ரெண்டு அடி முன்னப்பின்ன இருக்கும்னு நமக்குத் தெரிஞ்சதுதானே!”

கூடமே வெடித்துச் சிரித்தது. மாமனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சகலையும் சிரித்தார். சிரித்துவிட்டு நீட்டின கையை மடக்கிக்கொண்டார்.

அப்புறம் நடந்ததெல்லாம் வித்தை காட்டுகிற மாதிரிதான் நடந்தது. டாக்டர் பவளத்தை வெளியே எடுத்து ஒரு கிண்ணத்தின் மேல் பிடித்துக்கொண்டு, கிளைகளுக்கு நடுவில் சோடாவைப் பீய்ச்சினார். சோடா பட்டால் எந்த நண்டும் பொந்தைவிட்டு ஓடிவரும். கண்டக்டர் ஓடிவரவில்லை. அவர் கையிலிருந்த இடுக்கியைப் பார்த்துக் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. மூன்றாவது பீய்ச்சலில்தான் பிடி விட்டது. அதை ஒரு டம்ளரில் போட்டு ஃப்ரீசரில் வைக்கச் சொன்னார், குளிரில் வலி தெரியாமல் தூங்கிவிடும் என்றார். “ஐஸ் டிரே பக்கத்துல வேண்டாம் அத்தான், பட்டாணி பாக்கெட் பின்னாடி வைங்க” என்றாள் கொழுந்தியாள். கிளம்பும்போது அதைத் தன் பையிலிருந்த கான்டாக்ட் லென்ஸ் டப்பாவுக்கு மாற்றி எடுத்துக்கொண்டார். கடை மேஜை இழுப்பறையில் அவர் பிடித்த குற்றவாளிகள் ஏழெட்டுப் பேர் அந்த மாதிரி டப்பாக்களில், ஸ்பிரிட்டில் ஊறிக்கொண்டு, தேதி ஒட்டிக் கிடந்தார்கள். வீட்டுக்குப் போகும் வழியிலேயே தொட்டியில் நீல வெளிச்சத்தில் எடுத்திருந்த போட்டோவைக் குழுவில் போட்டு, ‘இன்னொரு கொலைகாரன் ஒழிந்தான்’ என்று எழுதினார். நாற்பத்து மூன்று கட்டைவிரல்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, கடையில் ஆள் இல்லாத நேரத்தில், ஸ்பிரிட் ஊற்றித் தேதிச் சீட்டு ஒட்டுவதற்காக டப்பாவைத் திறந்தார். லென்ஸின் கீறல் பார்க்கிற வெள்ளை விளக்கு மேஜையில் எரிந்துகொண்டிருந்தது.

காலில் முடி இல்லை. ஓடு பீங்கான் மாதிரி வழுவழுவென்று இருந்தது. கொடுக்கின் நுனி கறுப்பு இல்லை, நல்ல காப்பிப்பொடி நிறம். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பூதக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வயிற்று மடிப்புக்கு அடியில், கடுகைவிடச் சின்னதாக, ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

டாக்டர் ஸ்பிரிட்டை ஊற்றி டப்பாவை மூடினார். ஒன்றும் ஆகாதவர் போல எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். டம்ளரைப் பாதியிலேயே வைத்தார். கொன்றது நல்ல நண்டு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். வெள்ளை விளக்கைப் போடட்டுமா என்று கேட்ட மனிதரை, அவர் உடம்பிலும் மனதிலும் அடிபட்ட அதே இடத்தில் குத்தி, கூட்டத்தைச் சிரிக்க வைத்தோமே என்பது காதுமடல் வரை சுட்டது. போனை எடுத்தார். சகலையின் பேர் வரை போனார். அதற்குள் ஒரு வாடிக்கையாளர் மூக்குக் கண்ணாடியின் காது ஒடிந்துபோயிற்று என்று வந்தார். அவரை அனுப்பிவிட்டுப் பேசலாம் என்று நினைத்தார். அனுப்பிவிட்டு, சாயங்காலம் பேசலாம் என்று நினைத்தார். அந்த டப்பாவை மட்டும் மற்ற டப்பாக்களோடு வைக்காமல், உடைந்த ஃபிரேம்களுக்கு அடியில் தள்ளி இழுப்பறையைச் சாத்தினார்.

மூன்று வாரம் போயிற்று. வெட்கத்தில் ஒரு வசதி உண்டு, அதை வைத்துக்கொண்டே வழக்கம்போல வேலை பார்க்கலாம். குழுவில் தீர்ப்பும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். சகலை மட்டும் இரண்டு நாளைக்கு ஒரு செய்தி அனுப்புவார். ‘இன்னும் ரெண்டு நத்தை போயிடுச்சு அண்ணே. நான்தான் சரியாப் பாத்துக்கல போல.’ அப்புறம், ‘பவளத்துல தூசி படியுது, வெளுக்குது.’ டாக்டர் ‘தண்ணியை மாத்திப் பாருங்க’ என்று பூசி மெழுகிப் பதில் போடுவார். தூசி ஏன் படிகிறது என்று அவருக்குத் தெரியும், தட்டிவிடுகிற ஆள் அவருடைய இழுப்பறையில் இருந்தது. இன்னொன்றும் தெரிந்திருந்தது. அவருடைய சொந்தத் தொட்டியில் முன்பெல்லாம் மாதத்துக்கு ஒரு நத்தையாவது சாகும். சகலைக்குக் கல்லைக் கொடுத்த பிறகு ஒன்றுகூடச் சாகவில்லை. அந்த யோசனை வந்தபோதெல்லாம் எழுந்து போய் வேறு வேலை பார்த்தார்.

ஒரு சாயங்காலம் பாத்திரம் துலக்கியபடியே மனைவி சொன்னாள்: “தங்கச்சி அழறா. அவ வீட்டுக்காரரு அடுத்த திங்கக்கிழமை டிப்போ டாக்டர்கிட்ட போகணுமாம், அவரு சரின்னா அன்னிக்கே வண்டி எடுக்கலாமாம். ஆனா ஸ்டியரிங் வேண்டாம், டிப்போ வாசல் கேட்டுல உக்கார்ற வேலை குடுங்கன்னு எழுதிக் குடுக்கப் போறாராம்.”

“ஏன்? இடுப்புதான் சரியாயிடுச்சே.”

“இடுப்பு இல்லீங்க. ‘நாலு மாசம் முகத்துக்கு முகம் பாத்து நல்லவன்னு நினைச்சேன், அண்ணன் ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சாரு. எனக்குப் பாக்கத் தெரியல, என்னை நம்பி அம்பது பேரை எப்படி ஏத்தறது’ங்கறாராம். தொட்டியையும் யாருக்காவது குடுத்துடப் போறாராம். ஒரு நண்டுக்காகவா இப்படி?”

டாக்டர் கையில் துடைத்துக்கொண்டிருந்த தட்டை வைக்க இடம் தேடினார். அலமாரி எதிரிலேயே இருந்தது.

வியாழக்கிழமை சகலையே கடைக்கு வந்துவிட்டார். டிப்போ டாக்டரிடம் போவதற்கு முன்னால் கண்ணை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வந்தாராம். இருட்டறை நாற்காலியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். டாக்டர் அவர் மூக்கின் மேல் சட்டத்தை மாட்டி, இடது கண்ணை அடைத்து, எழுத்துப் பலகையின் விளக்கைப் போட்டார்.

சகலை படித்தார். எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் நின்று திரும்பினார். “இதானே அண்ணே?” அடுத்த எழுத்து. “சரியா அண்ணே?” இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டினவர், முதல் வகுப்புப் பிள்ளை வாத்தியார் முகத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். கடைசி வரி, கடையில் பாதிப் பேர் பார்க்க முடியாத பொடி எழுத்து. அதன் முன்னால் நின்றே விட்டார்.

“தெரியலையா?”

“தெரியுது அண்ணே. நான் பாக்கறது சரிதானான்னுதான் தெரியல.”

“கண்ணுல ஒரு குறையும் இல்ல தம்பி.”

“அப்ப வேற எங்கயோ குறை. அந்த நண்டு விஷயத்துலயே பாத்தீங்க இல்ல?” என்று சொல்லி லேசாகச் சிரித்தார். அன்றைக்குக் கூடத்தில் சிரித்த அதே சிரிப்பு.

இது வெறும் பயம், போகப் போகச் சரியாகிவிடும் என்று தட்டிக்கொடுத்து அனுப்புவதற்கு டாக்டர் வாயைத் திறந்துவிட்டார். அது நல்ல பேச்சாகவும் இருந்திருக்கும், யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் தனக்கு முன்னால் உட்கார்ந்து, மூக்கில் அந்தக் கனமான சட்டத்தோடு, தன் வாயிலிருந்து வரப்போகிற வார்த்தைக்காகக் காத்திருந்த முகத்தைப் பார்த்தார். வந்த பேச்சு வாயிலேயே நின்றது.

முன்னறைக்குப் போய் இழுப்பறையைத் திறந்து, உடைந்த ஃபிரேம்களுக்கு அடியிலிருந்து டப்பாவையும், மேஜையிலிருந்த வெள்ளை விளக்கையும் எடுத்து வந்தார். டப்பாவைத் திறந்து வைத்து விளக்கைப் போட்டார். சட்டத்தைக் கழற்றிவிட்டுப் பூதக்கண்ணாடியைச் சகலையின் கையில் கொடுத்தார்.

“இதுல என்ன தெரியுதுன்னு சொல்லுங்க.”

தானே சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கடைசி நேரத்திலும் தைரியம் வரவில்லை, தொழில் பழக்கத்துக்குள் ஒளிந்துகொண்டார்.

சகலை குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கடையின் முன்பக்கத்தில் யாரோ விலை விசாரிக்கிற சத்தம் கேட்டது.

“கால்ல முடி இல்ல” என்றார்.

“இல்ல.”

“நகம் கறுப்பு இல்ல. பழுப்பு.”

“ஆமா.”

“வயித்துல முட்டை இருக்கு.”

“ஆமா தம்பி.”

சகலை நிமிரவில்லை. “கண்டக்டரா?”

“கண்டக்டர்தான். நல்ல நண்டு. பவளத்தைக் காப்பாத்தற நண்டு. நீங்க சொன்னதுதான் சரி. நத்தையைத் தின்னது இது இல்ல. நான் குடுத்த கல்லுல வந்த வேற எதுவோ. எனக்கு அன்னிக்கு மறுநாள் காலையிலயே தெரியும். பத்து மணிக்கு, இதே விளக்குல பாத்தேன்.” டாக்டர் வெள்ளை விளக்கைப் பார்த்தபடி சொன்னார். “மூணு வாரமா மறைச்சு வச்சிருந்தேன். அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நான் சொன்ன அந்த வார்த்தை… அதுக்கு என் நாக்கைத்தான் அறுக்கணும்.”

திட்டுவார் என்று நினைத்தார். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தார். சகலை பூதக்கண்ணாடியை மெதுவாகக் கீழே வைத்தார்.

“கண்டக்டர் இல்ல அண்ணே” என்றார். “கண்டக்டரம்மா.”

டப்பாவை மூடிக்கொண்டே, “எல்லாரும் சிரிச்சாங்க, சரி. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன் பாருங்க. அதான் என்னால தாங்க முடியல” என்றார்.  டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு லென்ஸ் துடைக்கிற துணியை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததையே மறுபடியும் மடித்தார்.

சகலை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டம் இல்லாமல், உள்ளங்கையால் இடது கண்ணை மூடிக்கொண்டு, பலகையின் கடைசி வரியைப் படித்தார். நிற்கவில்லை, திரும்பவில்லை, யாரையும் கேட்கவில்லை. பஸ் போகிற வழியை நிறுத்தம் நிறுத்தமாகச் சொல்கிறவர் மாதிரி கடகடவென்று படித்து முடித்துவிட்டு எழுந்தார்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “அண்ணிகிட்ட சொல்லாதீங்க” என்றார். “உங்களைப் பத்தி ரொம்பப் பெருமையா நினைச்சுக்கிட்டு இருக்காங்க.”

ஓங்கி ஓர் அறை விட்டிருந்தாலும் டாக்டர் வாங்கிக்கொண்டிருப்பார். இதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. சகலை தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்து வந்தவருக்கு இரண்டு வில்லையையும் மாற்றிப் போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டார்.

அன்று சாயங்காலமே மனைவியிடம் சொல்லிவிட்டார். அவள் குழாயை மூடினாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். கடைசியில், “அன்னிக்கு நானும்தான் சிரிச்சேன்” என்றாள். “ஏன் சொன்னீங்க என்கிட்ட? இப்ப ரெண்டு பேருக்கும் வெக்கமா இருக்கு.”

குழுவில் எழுத உட்கார்ந்தார். ‘முதல்ல’ என்று ஆரம்பித்தார். போன் மிச்சத்தை மளமளவென்று எழுதிக் காட்டியது: நீல லைட்டை அணைச்சிட்டு, வெள்ளை லைட்டைப் போட்டு… எட்டு வருஷமாகத் தான் சொன்னதைத் தானே ஒரு தடவை முழுசாகப் படித்தார். அழித்தார். நடந்ததை நடந்தபடி எழுதி, வெள்ளை வெளிச்சத்தில் எடுத்த போட்டோவோடு போட்டார். இந்தத் தடவை கட்டைவிரல் எதுவும் நிமிரவில்லை. வெகுநேரம் கழித்து ஒருத்தர் கேட்டார், ‘அப்ப போன வருஷம் எங்க வீட்டு நண்டு சார்? அதுவும் நீலப் போட்டோதானே அனுப்பினேன்?’ டாக்டர் இழுப்பறையில் கிடக்கும் மற்ற டப்பாக்களை நினைத்துப் பார்த்தார். ‘தெரியவில்லை. மன்னிக்கவும்’ என்று எழுதினார். அந்த டப்பாக்களைத் திறந்து பார்க்க அவருக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை சகலை டிப்போவுக்குப் போனார். வாசல் கேட்டில் வேலை வேண்டும் என்று எழுதி வைத்த கடிதத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். அன்று மதியமே வண்டி எடுத்துவிட்டார் என்று கொழுந்தியாள் போன் செய்தாள். சகலை டாக்டருக்குப் போன் செய்யவில்லை.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் எல்லோரும் அதே வீட்டில் கூடினார்கள். டாக்டர் வரமாட்டேன் என்று காலையில் தலைவலி சொல்லிப் பார்த்தார், மனைவி விடவில்லை. கூடத்தில் தொட்டி அதே இடத்தில் இருந்தது. பவளத்தில் பாதிக் கிளைகள் வெளுத்து, மிச்சத்தில் ரோஸ் நிறம் தங்கியிருந்தது. நத்தைகள் கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்தன. பக்கத்திலேயே ஒரு ஊறுகாய் ஜாடி. அதற்குள் உப்புத் தண்ணீரில், கால் நிறைய முடியும் கன்னங்கரேல் கொடுக்குமாக, கோலிக்குண்டு அளவில் ஒரு முரட்டு நண்டு உட்கார்ந்திருந்தது. டாக்டர் கொடுத்த கல்லின் பின்பக்கத்துப் பொந்தில் இருந்ததாம். சகலை நான்கு நாள் உட்கார்ந்து பார்த்துப் பிடித்தாராம். கொல்ல மனசு வராமல் தனியாக வைத்துத் தீனி போடுகிறாராம்.

ஜாடியின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. டாக்டர் பக்கத்தில் போவதைப் பார்த்துவிட்டுக் கொழுந்தியாள் ஓடிவந்து துணியால் மூடப் போனாள். அதற்குள் படித்துவிட்டார். சகலையின் கோழிக்கிறுக்கல் எழுத்தில், ‘டாக்டர்’ என்று இருந்தது.

“இவரு சும்மா விளையாட்டுக்கு அத்தான்…” என்று கொழுந்தியாள் கையைப் பிசைந்தாள். சகலை அவர் இடத்தில் உட்கார்ந்தபடியே டாக்டரைப் பார்த்தார். கண்ணை எடுக்கவில்லை.

மாமனார் ஈஸி சேரிலிருந்து கழுத்தை நீட்டினார். “என்ன பெரிய மாப்பிள்ளை, புது ஆளு வந்திருக்கானே! நல்லவனா கெட்டவனா? பாத்துச் சொல்லுங்க.”

கூடம் சிரிப்பதற்குத் தயாராக இருந்தது.  டாக்டர் ஜாடியைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார்.

“சின்ன மாப்பிள்ளையைக் கேளுங்க மாமா” என்றார். “இதையும் அவருதான் பாத்தாரு, அதையும் அவருதான் பாத்தாரு. அன்னிக்கு நான் கொன்னது நல்ல நண்டு. நான் பாக்கவே இல்ல. நீங்கல்லாம் சிரிக்கணும்னு சொன்னேன்.”

யாரும் சிரிக்கவில்லை. மாமனார் ஈஸி சேரில் மெல்லப் பின்னால் சாய்ந்தார். சகலை எழுந்து வந்தார், சுவிட்சுப் பக்கம் கையை நீட்டி வெள்ளை விளக்கைப் போட்டார். பிறகு டாக்டருக்கு ஒரு நாற்காலியை இழுத்துத் தொட்டியின் எதிரில், தனக்குப் பக்கத்தில் போட்டார்.

“உக்காருங்க அண்ணே” என்றார். “பவளத்துல அந்த மூணாவது கிளையைப் பாருங்க. என்ன தெரியுதுன்னு சொல்லுங்க.”

டாக்டர் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல் ரொம்ப நேரம் பார்த்தார்.